ஜப்பான் அண்ணைக்கு விழுந்த வோட்டு

“...வீடு வீடாய்க் கதவைத் தட்டி வோட்டுக் கேட்டால் ஜப்பானிலை பொலிஸ் பிடிக்கும், தெரியுமோ? சக்கரவர்த்தி காலத்திலையே சட்டம் போட்டிட்டாங்கள்” என்று சொல்லிக்கொண்டுதான் ஜப்பான் அண்ணை எங்கள் மாடிக் கட்டடத்து லிஃப்டில் ஏறுவார். இறங்கும்போதும் அதே தேர்தலில்தான் நிற்பார்.

ஜப்பானியருக்கே மறந்துபோன ஜப்பானை ஞாபகம் வைத்திருந்த ஒரே தமிழர் அவர். அங்கே போனதில்லை. நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய வோபர்னில் யாரோ எறிந்த சரித்திரப் புத்தகத்தை எடுத்து வாசித்தார், அவ்வளவுதான். ஆண்கள் எல்லாருக்கும் முதன்முதலாக வோட்டுரிமை கிடைத்து அந்த நாட்டில் நடந்த பாராளுமன்றத் தேர்தலை விட்டு மனிதர் வெளியே வரவே இல்லை. பனி கொட்டினாலும் அந்தத் தேர்தல், பிறந்தநாள் கேக் வெட்டினாலும் அந்தத் தேர்தல்.

“அப்ப பொம்பிளையள் என்னண்ணை செய்தவை?” என்று அதே லிஃப்டில் வந்த புவனா அன்ரி ஒருநாள் கேட்டார்.

“அவைக்கு வோட்டில்லை, பிள்ளை.”

“அப்ப உந்த எலெக்சனை நீங்களே வைச்சிருங்கோ.”

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் கட்டடத் தமிழர் சங்கத்துக்குத் தலைவர் தெரிவு வந்தது. அண்ணைக்கு அந்தப் பதவியில் உயிர். புதுக் கோட்டே வாங்கிவிட்டார். எதிரே புவனா அன்ரி. கையை உயர்த்தினால் போதுமே என்றோம். அண்ணை விடவில்லை.

“ஜப்பானிலை மாதிரி அவரவர் தன்ரை கையாலை பேரை எழுத வேணும். பேர் பிழைச்சால் செல்லாது. வீடு வீடாய்ப் போகவும் கூடாது.”

சொன்னபடியே அவர் ஒரு கதவையும் தட்டவில்லை.

கட்டடத்துப் பார்ட்டி ரூமில் எல்லாரும் கூடியிருக்க, வோட்டுத் துண்டுகளை நான் பிரித்து வாசித்தேன். “ஜப்பான் அண்ணை.” “ஜப்பான் அண்ணை.” இடைக்கிடை “புவனா.” பிறகு ஒன்று, “நாகேந்திரம்.”

“அது ஆர்?” என்றது சனம்.

“நான்தான்” என்றார் அண்ணை. “மற்றதெல்லாம் செல்லாது.”

“உங்களுக்குப் பேர் இருக்கெண்டு ஆருக்கண்ணை தெரியும்?”

“நீங்கள்தான் வெண்டது, பேசாமல் இருங்கோ” என்று புவனா அன்ரியே கெஞ்சினார். அன்ரிக்குப் பாஸ்போர்ட்டிலும் புவனாதான்; அவருக்கு விழுந்ததெல்லாம் செல்லும்.

“சட்டம் சட்டம்தான், பிள்ளை.”

கடைசித் துண்டைப் பிரித்தேன். “இவர்” என்றிருந்தது.

கூடம் சிரித்தது. கணவன் பெயரை ஒருநாளும் வாயால் சொல்லாத அண்ணையின் மனைவி, கையாலும் சொல்லவில்லை. பின்வரிசையில் குனிந்த தலை நிமிரவில்லை.

அண்ணை துண்டை வாங்கிப் பார்த்தார்.

“உதுவும் செல்லாது” என்றார்.

செல்லாத மற்றத் துண்டுகளை எல்லாம் குப்பைக் கூடையில் கொட்டினார். அதை மட்டும் நாலாக மடித்து, புதுக் கோட்டின் உள்பக்கத்துப் பையில் வைத்துக்கொண்டார்.