அனுமதிக்கப்பட்ட நீலச் சொட்டு

குடிநீர் இணைப்பு தாமதமாவதற்குக் காரணம் குழாயோ மோட்டாரோ அல்ல, ஊழியர்களிடம் படைப்பூக்கம் வற்றிப்போனதே என்று எங்கள் துறையின் மேன்மைமிகு இயக்குநர் கண்டறிந்தார். ஏதோ மாநாட்டுக்குப் போய் வந்திருந்தார். போன மாநாடு முடிந்து வந்தபோது நாங்கள் எல்லோரும் மூச்சுப்பயிற்சி செய்தோம். இந்த முறை அரூப ஓவியம். அக்ரிலிக் வண்ணத்தில் ஒரு படம் வரைந்து தேறாதவருக்குப் பதவி உயர்வு கிடையாது என்று சுற்றறிக்கை வந்தது.

பாடம் நடத்த ஓர் ஓவிய ஆசிரியையை வரவழைத்தார்கள். தற்காலிகப் பணி. எல்லோரும் தேறினால் நிரந்தரம், ஒருவர் தவறினாலும் நடையைக் கட்ட வேண்டியதுதான். வாடகை வீட்டில், துணி காயப்போடும் இடத்தில் நின்று படம் வரைபவர் அவர். "இந்த வேலை நிரந்தரமாச்சுன்னா எனக்குன்னு ஒரு அறை எடுத்து வரைவேன்" என்று முதல் நாளே வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். எங்கள் அலுவலகத்தில் தன் தேவையை வாய்விட்டுச் சொன்னவர் பிழைத்த மாதிரிதான்.

பழைய கோப்பு அறையில் வகுப்பு தொடங்கியது.

"எதையும் பார்த்து வரையாதீங்க. ஒரு நிறத்தைப் பூசுங்க. அடுத்து என்ன வேணும்னு அதுவே சொல்லும். பிடிக்கலைன்னா மேல வேற நிறம் பூசுங்க, சுரண்டுங்க. ஆனா அக்ரிலிக் யாருக்காகவும் காத்திருக்காது. யோசிச்சுக்கிட்டே நின்னா பிரஷ்லயே காஞ்சுரும்."

கண்காணிப்பாளர் எழுந்தார். முன்மாதிரி இல்லாமல் அவர் தும்மியதுகூடக் கிடையாது.

"மேடம், எதையும் பார்க்காம எப்படி வரையறது? முன்மாதிரி வேணுமே?"

"முன்மாதிரியே கிடையாது சார். அதுதான் இதோட அழகு."

"யாராவது முன்னாடி வரைஞ்சிருப்பாங்கல்ல? அதுக்கு ஆட்சேபணை வரலைன்னா நாங்களும் வரையலாம்."

ஆசிரியை பெருமூச்சு விட்டு, தானே ஒன்றை வரைந்து காட்டினார். மஞ்சளைப் பூசினார். அதன்மேல் பழுப்பை இழுத்து, காலாவதியான ஏடிஎம் அட்டையால் சுரண்டினார். அப்போது பிரஷிலிருந்து ஒரு நீலச் சொட்டு ஓரத்தில் விழுந்தது. "ஐயோ!" என்று சிரித்தார். "தானா விழுந்துச்சு. இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு."

கண்காணிப்பாளர் குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் எங்கள் படங்களைச் சுவரோரம் வரிசையாகச் சாத்தி வைத்தோம். எல்லாவற்றிலும் மஞ்சள், பழுப்பு, சுரண்டல், ஓரத்தில் நீலச் சொட்டு.

"தானா விழுந்த சொட்டு எல்லாருக்கும் எப்படி சார் ஒரே இடத்துல விழுந்துச்சு?"

"ஸ்கேல் வெச்சு விழ வெச்சோம் மேடம். நீங்க 'ஐயோ'ன்னு சொன்னீங்கல்ல, அதையும் விடாமச் சொன்னோம்" என்றார் கண்காணிப்பாளர்.

தபால் பிரிவு அக்காவின் படம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. ஆசிரியை வரைந்து காட்டியபோது அவர் பல்வலியென்று வெளியே போயிருந்தார். பாவம், முன்மாதிரியைப் பார்க்காமலே வரையும்படி ஆகிவிட்டது.

"என்ன வரைஞ்சேன்னு தெரியலை மேடம். மாமியார் மேல இருந்த கோவத்துல பச்சையை அப்பினேன். அப்புறம் அவங்க பாவம்னு தோணிச்சு, மேல வெள்ளையைப் பூசினேன். சுரண்டிப் பார்த்தா கோவம் இன்னும் அடியில கொஞ்சம் இருக்கு."

ஆசிரியை அந்தப் படத்தின் முன்னால் நின்றவர் நின்றவர்தான். கண் கலங்கிவிட்டது. "இப்படி ஒண்ணைப் பார்க்கத்தான் அக்கா நான் சொல்லிக் கொடுக்கவே வந்தேன்" என்றார். எங்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்கேல் வைத்து முதுகொடிய உழைத்தவர்கள் நாங்கள்.

மதிப்பிட இயக்குநரே எழுந்தருளினார். எங்கள் படங்களைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"ஆஹா! ஒவ்வொருத்தரும் சுதந்திரமா சிந்திச்சு, ஒரே முடிவுக்கு வந்திருக்காங்க. மாநாட்டுல சொன்னதே இதைத்தான்." அக்காவின் படத்தருகே நின்றார். "இதுல சொட்டு எங்கே?"

"இதுக்குச் சொட்டு வேண்டாம் சார். இங்க இருக்கிறதுல படம்னா இது ஒண்ணுதான்."

"அப்போ மத்தவங்களையெல்லாம் ஃபெயில் பண்ணப் போறீங்களா?"

ஆசிரியை சுவரோரம் இருந்த மஞ்சள் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

"சொட்டு இருந்தா எல்லாரும் பாஸ், நீங்களும் நிரந்தரம். இல்லைன்னா உங்க இஷ்டம்."

ஆசிரியை அக்காவைப் பார்த்தார். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லமாட்டாரா என்ற ஏக்கம் அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"போட்டுடுங்க மேடம்" என்றார் அக்கா. "எனக்கும் ப்ரமோஷன் வேணும்ல."

ஆசிரியை பிரஷை நீலத்தில் தோய்த்தார். கை எழவில்லை.

"சீக்கிரம் மேடம்" என்றார் இயக்குநர். "யோசிச்சுக்கிட்டே நின்னா காஞ்சுரும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

கண்காணிப்பாளர் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டார். சொட்டு விழுந்தது.

"ஐயோன்னு சொல்லணும் மேடம்" என்று ஞாபகப்படுத்தினார்.

"ஐயோ" என்றார் ஆசிரியை. இந்த முறை அவர் சிரிக்கவில்லை. முன்மாதிரியிலிருந்து அது விலகல்தான் என்றாலும், பெரிய மனது பண்ணி விட்டுவிட்டோம். எல்லோரும் கைதட்டினோம்.

ஆசிரியைக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. தனி அறையும் கிடைத்தது. அடுத்த குழுவுக்கான ஸ்கேல்களை அதில்தான் வைத்திருக்கிறார். எங்களுக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது, குழாயில்தான் தண்ணீர் வரவில்லை. அதைப் பற்றி மனுக் கொடுக்க நீங்கள் வரும்போது, ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒரு மஞ்சள் படம் மாட்டியிருக்கும். "எப்படி இருக்கு?" என்று கேட்போம். "அற்புதம் சார், அதுவும் அந்த நீலச் சொட்டு!" என்பீர்கள். இதுவரை வந்த எல்லோரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.