சான்றிதழ் இல்லாமல் நீந்திய நீர்நாய்

ஒரு காட்டில், நான்கு நண்பர்கள் பன்னிரண்டு வருடமாக ஞாயிறுதோறும் ஏரியில் பாய்மரப் படகு விட்டார்கள். திங்கள் முதல் சனி வரை அதைப் பற்றிப் பீற்றிக்கொண்டார்கள். குரங்கு கோதண்டம் பாயைப் பிடிக்கும். முயல் பவளம் பாட்டுப் பாடும். நீர்நாய் இருளப்பன் சுக்கானைப் பிடிக்கும். வெள்ளாடு மாசிலாமணி நடுவில் உட்கார்ந்து, அலை வந்தால் "இதெல்லாம் ஒரு அலையாடா?" என்று கேட்கும். உள்ளுக்குள் அதற்கு உதறல். நீச்சல் தெரியாது. வெளியே சொன்னால் சேர்க்க மாட்டார்களோ என்று பயம். அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் மாசிலாமணிக்கு வேறு நாதியில்லை.

அந்த வருடம் ஏரிக்கு ஓர் அலுவலகம் வந்தது. அதிகாரி கொக்கு. நீச்சல் சான்றிதழ் இல்லாதவர் படகில் ஏறவோ தண்ணீரில் இறங்கவோ கூடாது என்று பலகை மாட்டியது. மறுநாளே பக்கத்தில் ஒரு கழுதை, நீச்சல் பயிற்சி நிலையம் ஒன்றைத் திறந்தது. அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பாறை மேல் குப்புறப் படுத்துக் கைகாலை உதைக்க வேண்டும். கழுதை அதைக் கைபேசியில் படமெடுத்துச் சான்றிதழ் அச்சடித்துத் தரும். வெள்ளாடும் குரங்கும் முயலும் வரிசையில் நின்று, படுத்து, உதைத்து, முதல் வகுப்பில் தேறின.

இருளப்பன் மட்டும் முறுக்கிக்கொண்டு நேராகக் கொக்கிடம் போனது.

"எனக்கு எதுக்குய்யா சான்றிதழ்? நான் தண்ணியில பொறந்தவன்."

"அப்படியா? பிறப்புச் சான்றிதழ் கொண்டுவந்திருக்கியா?"

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை இருளப்பனைக் கரையில் விட்டுவிட்டுப் படகு கிளம்பியது. "சட்டம்னா சட்டம்தானே, நாம என்ன பண்ண முடியும்?" என்றது முயல். மாசிலாமணிக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தது.

சுக்கான் பிடிக்கத் தெரிந்தவர் இல்லாத படகு காற்றின் போக்கில் போய், நட்ட நடு ஏரியில் கவிழ்ந்தது.

"எனக்கு நீச்சல் தெரியாதுடா!" என்று மாசிலாமணி கத்தியது.

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்று குரங்கு அலறியது. முயல் அதற்குள் பாதி ஏரியைக் குடித்திருந்தது.

இருளப்பன் பாய்ந்தது. மூன்று நடை போய்வந்தது. கடைசி நடையில் ஆட்டின் தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "பன்னெண்டு வருசமா கரையோரமாவே எதுக்கு ஓட்டினேன்னு நெனச்சே?" என்றது.

மாசிலாமணி அழுதுவிட்டது. எல்லாம் தெரிந்துதான் இவன் நம்மைக் கூட வைத்திருந்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

கரையில் கொக்கு நோட்டோடு நின்றது.

"இவன் சான்றிதழ் இல்லாம தண்ணியில இறங்கிட்டான். உங்களைக் காப்பாத்தத்தான் இறங்கினான்னு எழுதினா, உங்களுக்கு நீச்சல் தெரியாதுன்னு ஆயிடும். மூணு சான்றிதழும் ரத்து. இல்லே, நீங்களே நீந்தி வந்தீங்க, இவன் குறுக்கே விழுந்து இடைஞ்சல் பண்ணினான்னு எழுதட்டுமா?"

குரங்கு கையெழுத்துப் போட்டது. முயல் போட்டது. மாசிலாமணி இருளப்பனைப் பார்த்தது. வெட்கமாகத்தான் இருந்தது. பேனாவை வாங்கி, மற்ற இரண்டு கையெழுத்துக்கும் கீழே தன்னுடையதைப் போட்டது.

இருளப்பன் ஆயுளுக்கும் ஏரியில் இறங்கக் கூடாது என்று உத்தரவானது. அடுத்த ஞாயிறும் படகு கிளம்பியது. சுக்கான் பிடிக்கத் தகுதியான ஆளாகப் பார்த்துக் கழுதையைச் சேர்த்துக்கொண்டார்கள்.

நீதி: மூழ்கும்போது கை கொடுக்க வருபவரிடம் முதலில் சான்றிதழைக் கேளுங்கள், இல்லையென்றால், கரையேறியதும் அவருக்கு எதிராகக் கையெழுத்துப் போடும் சிரமம் உங்களுக்குத்தான்.