நாற்காலி கொண்ட இளவேனில்

வாழி இளவேனில்! பெங்களூரின் ஒக்கலிபுரத்தில் ரயில் கூவக் கண்விழித்து, மெஜஸ்டிக் நிலையத்துப் பேருந்துப் படிக்கட்டுகளில் முழங்கை வித்தை பயின்று, ஆறாண்டுத் தவத்தின் பயனாய் நானூற்றுப் பன்னிரண்டு பக்க ஆய்வேட்டை ஈன்றெடுத்த ஏந்திழை வாழி! அடிக்குறிப்புகளின் அரசி, மேற்கோள் பிறழா மெல்லியல், காலையில் ஒரு கல்லூரியிலும் மாலையில் மற்றொரு கல்லூரியிலும் தற்காலிக விரிவுரையாளராய் வலம்வந்து, இரண்டிலும் தனக்கென்று ஓர் அலமாரிச் சாவிகூட இல்லாத தனிப்பெருந்தலைவி வாழி! கலைமகளே, கருத்தரங்கின் மதிய உணவு வேளையில் உன் பிள்ளைகளுக்கு நீ துணைநிற்பதில்லை என்பதை நாடறியும். ஆகவே இப்போரைச் சொல்லப் புகுமுன் அன்னபூரணியை வணங்கித் தொடங்குகிறோம்.

போர் மூண்டது ஒரு நாற்காலியால். பிளாஸ்டிக்கால் ஆனது, ஒரு கால் சற்றே ஆடுவது. ஆயினும் அதன் பக்கத்தில் அமர்ந்து பாசிப்பருப்புக் கோசம்பரியைக் கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தவர் யார்? ஓய்வுபெற்ற பேராசிரியர் சாமிநாதன். வரலாற்றுத் துறையின் வற்றாக் கடல். பெங்களூர் கண்டோன்மென்ட் தமிழர்களின் நூறாண்டுத் திருமணப் பத்திரிகைகளை ஆராய்ந்த இளவேனிலின் ஆய்வேடு, மதிப்பீட்டுக்காக அவரிடம் போய்ப் பதினொரு திங்கள் ஆகியிருந்தது. கிணற்றில் விழுந்த கல்லாவது விழும்போது ஓசை எழுப்பும். இது அதையும் எழுப்பவில்லை. அவருடைய அறிக்கை பல்கலைக்கழகத்துக்குப் போனால்தான் அவள் நிரந்தரப் பணிக்கு விண்ணப்பிக்க முடியும். கடைசி நாள் வெள்ளி. அன்று புதன்.

நேரே கேட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் அறம் குறுக்கே நின்றது. ஏட்டை மதிப்பிடுபவர் யாரென்பதை எழுதியவர் அறியலாகாது என்பது பல்கலைக்கழகத்தின் இரும்புச் சட்டம். அவர் பெயர் பொறித்த கூரியர் ரசீது அலுவலக மேசைமீது மூன்று நாள் அனாதையாய்க் கிடந்ததால், அந்தப் பரம ரகசியம் இளவேனிலுக்கும், அவள் தாய்க்கும், துறை வாசலில் டீ விற்பவருக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் ஏடே செல்லாது. ஆகவே அவள் அருகே அமர வேண்டும். கேட்காமல் கேட்க வேண்டும்.

இடையில் ஆர்ப்பரித்துக் கிடந்தது புலவர் கடல். எந்த ஆய்விதழ் அங்கீகாரப் பட்டியலிலிருந்து தூக்கப்பட்டது, எந்தக் கல்லூரியில் யார் ஓய்வுபெற்றால் யாருக்கு விடியும், எந்த வழிகாட்டி எந்த வழிகாட்டியோடு முகம்கொடுத்துப் பேசுவதில்லை என்று முழங்கியபடி, தட்டுகளைக் கேடயமாய் ஏந்தி, பிசிபேளாபாத் குன்றுகளைச் சுமந்து அவர்கள் அலையலையாய் நகர்ந்தனர். அந்தக் கடலைக் கிழித்து, வலக்கையில் தட்டும் இடத்தோளில் மடிக்கணினியுமாய்ப் பாய்ந்தாள் இளவேனில்.

எதிர்த்திசையிலிருந்து புறப்பட்டான் ராஜேஷ்குமார். தருமபுரியில் தோன்றி, வைட்ஃபீல்டில் நான்காண்டு கணினி தட்டி, அது சலித்து மானுடவியல் புலம் புகுந்த ஆடவரேறு. 'மௌனத்தின் விளிம்பில் மௌனம்' என்னும் அவன் கட்டுரையை அன்று காலை செவிமடுத்த அவையில் ஒருவரும் ஐயம் எழுப்பவில்லை. ஐயம் எழுமளவு ஒருவருக்கும் விளங்கவில்லை. அவன் நூலுக்குச் சாமிநாதனின் அணிந்துரை வேண்டியிருந்தது. நாற்காலிக்கு அவனுக்குப் பத்தடி, அவளுக்குப் பதினைந்து. அதைக் கண்டும் அமைதியுறாத அவ்வீரன், சன்னல்வழித் துண்டெறிந்து இருக்கை கொள்ளும் தன் முன்னோர் மரபை நினைவுகூர்ந்தான். கருத்தரங்கில் தந்த சணல் பையைச் சக்கராயுதமெனச் சுழற்றி எறிந்தான். அது பறந்தது, இரண்டு துறைத்தலைவர்களின் தலைக்குமேல் மிதந்தது, நாற்காலியின் நட்ட நடுவில் சென்று விழுந்தது. களம் முடிந்ததென்றே கண்டவர் எண்ணினர்.

மெஜஸ்டிக்கில் வளர்ந்தவளுக்குத் துண்டு ஒரு தடையா? பையை எடுத்தாள், ஓடிவந்தவன் கழுத்தில் வெற்றிமாலை சூட்டுவதுபோல் அதை மாட்டினாள், மாட்டிய வேகத்திலேயே அமர்ந்தாள்.

"உங்க பை, ராஜேஷ். யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன்."

"இடம் போட்டு வச்சிருந்தேங்க."

"இது என்ன தருமபுரி பஸ்ஸா? அங்க காலியா இருக்கு பாருங்க, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

தோற்றவன் களம் நீங்கவில்லை. கையில் போண்டாவுடன், முற்றுகையிட்ட வேந்தனைப்போல் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றான்.

சாமிநாதன் அவள் பக்கம் திரும்பி, என்ன ஆராய்ச்சி என்று அன்போடு விசாரித்தார். அவள் சொன்னாள். கோசம்பரிக்குப் போன கரண்டி அந்தரத்தில் நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர், உடனே பார்க்காதவர்களாயினர்.

"இதே மாதிரி ஒரு தீசிஸ் எங்கிட்ட இருக்கும்மா," என்றார் அவர் மெல்ல. "யாரோடதுன்னு நான் சொல்லக் கூடாது."

"சொல்லாதீங்க சார்."

"சொல்லல. அந்தப் பொண்ணு, பத்திரிகையில அம்மாக்கள் பேரு எந்த வருஷத்துலேர்ந்து வர ஆரம்பிச்சுதுன்னு ஒரு அத்தியாயம் எழுதியிருக்கா. படிச்சுட்டு பீரோவைத் தொறந்து எங்க கல்யாணப் பத்திரிகைய எடுத்துப் பார்த்தேன். எங்க அம்மா பேரு இல்ல. என் வொய்ஃப் ராதாவோட அம்மா பேரும் இல்ல. நாப்பத்திமூணு வருஷமா நாங்க ரெண்டு பேரும் அதைக் கவனிக்கவே இல்லம்மா."

தன் நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்களைத் தன்னையன்றி இன்னோர் உயிர் படித்திருக்கிறது, படித்து பீரோவைத் திறந்திருக்கிறது என்னும் செய்தி அம்பெனத் தைத்தது. வெள்ளிக்கிழமையைக் கணநேரம் மறந்தாள் வீராங்கனை. பிறகு, அந்தப் பெண்ணுடைய அறிக்கை போய்விட்டதா என்று, ஏதோ ஊர்ப் பெண்ணைப்பற்றிக் கேட்பதுபோல் கேட்டாள்.

வரலாற்றுத் துறையின் வற்றாக் கடல் தலைகுனிந்தது. அறிக்கையை எழுதி முடித்துப் பத்து மாதமாயிற்றாம். அதை ஏற்ற வேண்டிய பல்கலைக்கழக இணையதளத்தின் பாஸ்வேர்டை மறந்துவிட்டாராம். மகனைக் கேட்டால் சிரிப்பான். அலுவலகத்தைக் கேட்க வெட்கம்.

கைக்கெட்டும் தொலைவில் கைபேசி. ஆனால் தன் ஏட்டின் அறிக்கையைத் தானே தொடுதல் பெரும்பழி. எனவே இளவேனில் செய்தது காவியங்களும் காணாத தியாகம்: நாற்காலியோடு திரும்பிச் சுவரைப் பார்த்து அமர்ந்தாள். "ராஜேஷ், சாருக்குக் கொஞ்சம் பாருங்களேன்," என்றாள் சுவரிடம்.

நான்காண்டு கணினி தட்டிய விரல்கள் போண்டாவைத் துறந்தன. பகைவன் படைத்துணையானான். மூன்றே தட்டலில் ரகசிய எண் புறப்பட்டது. புறப்பட்டு, பதிவேட்டிலிருந்த எண்ணுக்கு, அதாவது வைட்ஃபீல்ட் அடுக்ககத்தில் பகலுறக்கம் கொண்டிருந்த ராதா அம்மையாரின் கைபேசிக்குச் சென்றது. சாமிநாதன் மனைவியை அழைத்தார். அழைப்பு ஒலிபெருக்கியில் இருந்தமையால் அரங்கமே கேட்டது.

"யாருக்கும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்குங்க," என்றது தூக்கம் கலையாத குரல். "போன வாரம் ரெண்டாவது மாடி அம்மாவுக்கு இப்படித்தான் யாரோ புருஷன் குரல்லயே பேசி ஏமாத்தியிருக்கான்."

"நான்தாம்மா பேசறேன்."

"அவனும் அப்படித்தான் சொன்னானாம். நம்ம கல்யாண முகூர்த்தம் எத்தனை மணிக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்."

கரண்டிகள் நின்றன. துறைத்தலைவர்கள் மென்றதை விழுங்காது காத்திருந்தனர். சுவரையே நோக்கியிருந்த இளவேனில் கண்களை இறுக மூடினாள். மணமான ஆடவருள் இவ்வினாவுக்கு விடையறிந்தவர் எத்தனை பேர்? ஆனால் சாமிநாதன் தயங்கவில்லை.

"ஆவணி பதினெட்டு, காலை ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள், துலா லக்கினம்."

"இத்தனை வருஷத்துல ஒரு நாளும் சொன்னதில்லையே," என்ற மறுமுனைக் குரல் முற்றிலும் விழித்திருந்தது. பின்னர் ஆறு இலக்கங்களும் ஒவ்வொன்றாய், முத்து உதிர்வதுபோல் உதிர்ந்தன. ராஜேஷ்குமார் அழுத்தினான். பத்துத் திங்கள் பூட்டிக்கிடந்த கோட்டைக் கதவு திறந்தது; அறிக்கை ஏறியது; பச்சை நிறத்தில் வெற்றிக்குறி ஒளிர்ந்தது. நன்றிப்பெருக்கில் அவனுக்கு அணிந்துரையும் அங்கேயே வாக்களிக்கப்பட்டது. சுவரிலிருந்து திரும்பிய இளவேனில், எதுவும் அறியாதவளாய், எல்லாம் வென்றவளாய், ஆடும் காலுடைய அவ்வரியணையில் நிமிர்ந்து வீற்றிருந்தாள். வெள்ளிக்கிழமை அவள் காலடியில் பணிந்து கிடந்தது.

அன்று சாயங்காலம், விண்ணப்பத்துக்கான கடைசித் தேதியை ஒரு மாதம் தள்ளிப் போட்டுவிட்டார்கள்.