ஒரு கோப்பை, ஊர்ப்பட்ட தலைவிகள்

"அந்தக் கோப்பையை மொதல்ல கீழ வைங்க சார். அப்புறம் பேசலாம்."

விளையாட்டு வாத்தியார் வைக்கவில்லை. துடைத்துக்கொண்டிருந்த துணியோடு சேர்த்து மார்போடு அணைத்துக்கொண்டார். விளையாட்டுச் சாமான் அறையின் வாசலை அடைத்துக்கொண்டு நின்ற அந்த அம்மாவைப் பார்த்தால் பிடுங்கிக்கொண்டே போய்விடுவார் போலிருந்தது. அவர் கொக்கின் அம்மா. கொக்கு என்பது வாலிபால் அணியிலிருக்கும் நெட்டைப் பெண்ணுக்குத் தோழிகள் வைத்த பெயர்.

"வெள்ளிக்கிழமை பாராட்டு விழாவுல இதைக் கேப்டனுக்குக் குடுக்கப் போறீங்களாமே?"

"ஆமாம்மா. சிறந்த தலைமைக்கான பரிசு. அவதானே அணித்தலைவி?"

"பாயிண்ட் எல்லாம் அடிச்சது யாரு? என் பொண்ணு! உங்க கேப்டன் என்ன செஞ்சா? பந்தைத் தூக்கித் தூக்கிக் குடுத்தா. தூக்கிக் குடுக்கிறதுக்கா கோப்பை?"

தூக்கிக் கொடுக்க ஆளில்லாவிட்டால் கொக்கு என்ன, ஒட்டகச்சிவிங்கியே வந்தாலும் ஒரு பாயிண்ட் அடிக்க முடியாது. இது வாத்தியாருக்குத் தெரியும். ஆனால் ஆட்டத்தை விளக்குகிற நிலையில் அவர் இல்லை.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா. பக்கத்துலதான் ஹெச்.எம். ரூம்."

"கேக்கட்டும்! நல்லாக் கேக்கட்டும்!" என்று அந்த அம்மா ஹெச்.எம். அறைப் பக்கமாகவே திரும்பிக் கத்தினார்.

வாத்தியார் பயந்து போனார். அதற்குக் காரணம் உண்டு.

அந்தப் பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து விளையாட்டில் ஒரு ஆறுதல் பரிசுகூட வாங்கியதில்லை. இந்த வருஷம்தான் பெண்கள் வாலிபால் அணி, பள்ளிகளுக்கிடையேயான போட்டியில் இரண்டாவது இடம் வந்தது. வாத்தியார் வாயெல்லாம் பல்லாக ஹெச்.எம். அறைக்குள் ஓடினார். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டார்.

"சந்தோஷம் சார். பாராட்டு விழா வெச்சுக்குங்க. ஆனா வர்ற வருஷத்துலேருந்து விளையாட்டுப் பீரியட் கிடையாது. அதைக் கணக்குக்குக் குடுத்துடறேன்."

"மேடம், ரெண்டாவது எடம் வந்திருக்கோம்..."

"வந்தீங்க. யாரு கேட்டா? கணக்குல ஒரு மார்க் குறைஞ்சா பெத்தவங்க படையெடுத்து வந்துடறாங்க. விளையாட்டைப் பத்தி இந்த ரூமுக்குள்ள வந்து ஒருத்தராவது வாயைத் தொறந்திருக்காங்களா? யாருக்குமே வேண்டாததை நான் ஏன் கட்டிக்கிட்டு அழணும்? விழா மேடையிலேயே அறிவிச்சுடறேன். எல்லாரும் ஒரே எடத்துல இருப்பாங்க, வசதி."

பாராட்டு விழாவும் கருமாதியும் ஒரே நாளில் என்று முடிவாகிவிட்டது. பீரியட் போனால் வாத்தியாருக்கு மிஞ்சுவது மணியடிப்பதும் பஸ் வரிசையை ஒழுங்கு பண்ணுவதும்தான். அந்த வயதில் வேறு எங்கே போய் விசில் ஊதுவது? அன்று சாயங்காலம் மழைக்கு ஒதுங்கி நின்ற பெண்களிடம் அவர் ஒன்று விடாமல் சொல்லித் தொலைத்தார். கொக்கு மூக்கைச் சிந்தி அழுதது. மாற்று ஆட்டக்காரியாகவே எல்லாப் போட்டியையும் உட்கார்ந்து முடித்த பெஞ்சு என்கிற பெண், "அப்போ நான் ஆடவே முடியாதா சார்?" என்றாள். கேப்டன் நனைந்த வலையைச் சுருட்டி முடித்து உள்ளே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலையில் கணக்கு வாத்தியார் அளவு நாடாவோடு வந்து சாமான் அறையை அளந்துகொண்டிருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இங்க பெஞ்சு போட்டா ஸ்பெஷல் க்ளாஸ் நடத்தலாம் பாருங்க," என்றார். வாத்தியார் நாடாவின் மறு முனையைப் பிடித்துக்கொண்டார். வேறென்ன செய்வார் பாவம்!

வாத்தியாருக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் பாக்கி. விழா அழகாக, சத்தமில்லாமல் நடந்தால் மேடம் மனம் இளகலாம். அதற்குள்தான் இந்த அம்மா வந்து கூரையைப் பிய்க்கிறார்.

"சரிம்மா, சரிம்மா," என்றார் வாத்தியார். "உங்க பொண்ணுக்குத் தனியா ஒரு கோப்பை. 'சிறந்த தாக்குதல் தலைவி'. போதுமா?"

"அப்படி வாங்க வழிக்கு. இதை அப்படியே மேடம்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன்."

"ஐயையோ, வேணாம்மா!"

அந்த அம்மா அதற்குள் ஹெச்.எம். அறைக் கதவைத் தள்ளிவிட்டார்.

அன்று சாயங்காலம் வாத்தியார் நனைந்துகொண்டே கோப்பைக் கடைக்குப் போனார்.

"வாலிபால் பொம்மை வெச்சது தீந்துபோச்சு சார். நீச்சல் இருக்கு," என்றார் கடைக்காரர்.

"கை ரெண்டும் மேல இருக்கா?"

"தண்ணில பாயறாப்புல நல்லாவே நீட்டிக்கிட்டு இருக்கும்."

"அப்போ பாயிண்ட் அடிக்கிறதுன்னு வெச்சுக்கலாம். குடுங்க."

நீச்சல் கோப்பையை வீட்டு மேஜைமேல் வைத்ததும் அவர் மனைவி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கைக்காசைப் போட்டு வாங்கினதா? நல்லது. மாப்பிள்ளை இவர்தான், ஆனா அவர் போட்டிருக்கிற சட்டை என்னுதுங்கற கதையா இருக்கு. இத்தோட நிக்குமா?"

"நிக்கும்."

நிற்கவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. மறுநாள் காலையில் பேக்கரிக்காரர் வந்தார், மாவு ஒட்டிய சட்டையோடு. அவர் மகள்தான் பின்வரிசையில் விழுந்து புரண்டு பந்தை எடுப்பவள்.

"அடிச்சவளுக்குக் கோப்பை. விழுந்தவளுக்கு? என் பொண்ணு முட்டி ரெண்டும் தேஞ்சு, ரொட்டியைத் தீய விட்ட மாதிரி இருக்கு. வந்து பாக்கறீங்களா?"

"வேணாங்க. 'சிறந்த தற்காப்புத் தலைவி'ன்னு ஒண்ணு..."

"எனக்கு வாய்ப்பேச்சு வேணாம். மேடம் முன்னாடி சொல்லுங்க. வாங்க!"

அவரை வாத்தியார் இடுப்பைப் பிடித்து இழுத்தும் நிறுத்த முடியவில்லை. மத்தியானம் இரட்டையர்களின் அத்தை வந்தார். ஒருத்திக்குக் கொடுத்தால் இன்னொருத்தி சாப்பிட மாட்டாளாம்; இரண்டு பேருக்கும் கொடுக்காவிட்டால் அத்தை சாப்பிட மாட்டாராம், அதுவும் ஹெச்.எம். அறை வாசலிலேயே உட்கார்ந்து. "சர்வீஸ் தலைவி", "தடுப்புத் தலைவி" என்று இரண்டு பட்டங்கள் பிறந்தன. அதற்கடுத்த நாள் ஆறாவது ஆட்டக்காரியின் சித்தப்பா வந்து, மேடத்தின் மேஜையைத் தட்டியே பேசினார். அந்தப் பெண்ணுக்கு என்ன பட்டம் என்று வாத்தியாருக்குக் கடைசிவரை தோன்றவில்லை. "பொதுத் தலைவி" என்று வைத்தார்.

கோப்பைக் கடையில் சதுரங்கக் குதிரை இரண்டு இருந்தது, தூண்டில் போடுகிறவர் இருந்தார், கடைசியாக மிதிவண்டிதான் மிச்சம். எல்லாவற்றையும் வாங்கினார். தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன!

ஹெச்.எம். கூப்பிட்டனுப்பினார். கண்ணாடி இந்தத் தடவை மேஜைமேல் இருந்தது.

"என்ன சார் நடக்குது இங்க? வாரம் பூரா வாலிபால், வாலிபால், வாலிபால்! போனை எடுத்தா வாலிபால். கதவைத் தொறந்தா வாலிபால். நேத்து ஒரு ஆள் என் மேஜையைத் தட்டறான். எனக்கு ராத்திரி தூக்கத்துல விசில் சத்தம் கேக்குது."

"விழா முடிஞ்சா எல்லாம் அடங்கிடும் மேடம்."

"முடியட்டும். முடியட்டும். மேடையில பேசிக்கிறேன்."

வாத்தியார் வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரே போய் அந்தப் பீரியடுக்குக் குழி தோண்டி, மண்ணையும் தள்ளிவிட்டார் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அழுகை வந்தது. பெரிய மனிதர் படிக்கட்டில் அழக்கூடாது என்று விசிலைத் துடைப்பதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மழையும் வந்தது. விழா தொடங்குகிற நேரத்தில், ஹெச்.எம். அறைக்கு நேர் எதிரே, வராந்தாவே அதிரும்படி ஒரு குரல் கேட்டது. பெஞ்சு என்கிற பெண்ணின் அப்பா. லாரி ஓட்டுகிறவர், இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை.

"என் பொண்ணு மட்டும் இளிச்சவாயா? ஆடினவளுக்கெல்லாம் கோப்பை! ஒரு தடவைகூட இறக்காம உக்கார வெச்சீங்களே, சும்மா உக்காந்திருக்கிறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நீங்க உக்காந்து பாருங்கய்யா!"

"ஐயா, ஐயா, தர்றேன். உள்ள போய் உக்காருங்க."

"திரும்பவும் உக்காரவா சொல்றீங்க?"

கோப்பை இல்லை. கடைத் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது, போய்வர வழியில்லை. இருப்பது கேப்டனுடையதையும் சேர்த்து ஆறு; கேட்கிற வீட்டுப் பெண்களே ஆறு பேர். வாத்தியார் விரல் விட்டுப் பார்த்தார். அணியிலேயே ஒரே ஒரு வீட்டிலிருந்துதான் யாரும் வரவில்லை, யாரும் கத்தவில்லை. கேப்டன் வீடு. அவள் அம்மா சலவை நிலையத்தில் இரண்டு ஷிப்ட் பார்க்கிறவர்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளை அழவில்லை. வாத்தியார் மேடைக்குப் பின்னால் போனார். கேப்டன் அங்கே தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கேப்டன்..." என்றார். "உன் கோப்பையை... பெஞ்சுக்குக் குடுத்துடலாமான்னு... அவங்கப்பா ரொம்ப..."

"குடுங்க சார்."

"உனக்கு வருத்தமில்லையா?"

கேப்டன் தட்டைத் திருப்பித் துடைத்தாள். "கொஞ்சம் இருக்கு," என்றாள். பிறகு கேட்டாள்: "மேடம் ரொம்பக் கோவமா இருக்காங்களா சார்?"

"கொதிக்கிறாங்க. எல்லாம் போச்சு. என்னாலதான்."

அவள் தலையை ஆட்டிவிட்டுக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கத் தொடங்கினாள். வாத்தியார் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல நின்றார். சத்தம் போட்டவர்களுக்குப் பயந்து, தகுதியான ஒருத்தியிடமிருந்து பிடுங்கியாயிற்று. இதற்குப் பெயர் பாராட்டு விழா.

மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. வழக்கமாக இப்படி விழாக்களில் முன்வரிசையில் நாலு பேரும் ஒரு தூங்குகிறவரும்தான் இருப்பார்கள். இன்று தங்கள் வீட்டுக் கோப்பைக்குக் காவலாகக் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். தாக்குதல் தலைவி நீச்சல்காரரை வாங்கிக்கொண்டாள். தற்காப்புத் தலைவி தூண்டில்காரரை. இரட்டையர்கள் குதிரைகளை. பொதுத் தலைவிக்கு மிதிவண்டி. அசல் வாலிபால் கோப்பை பெஞ்சுக்குப் போனது. ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்தக் குடும்பம் எழுந்து நின்று விசிலடித்தது. எல்லாருக்கும் தட்டை ஏந்தி நின்றவள் கேப்டன். அவள் பெயரை யாரும் படிக்கவில்லை.

ஹெச்.எம். ஒலிபெருக்கி முன் வந்தார். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். கடைசி வரிசையில் கணக்கு வாத்தியார் சட்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வர்ற வருஷ விளையாட்டுப் பீரியடைப் பத்தி ஒரு அறிவிப்பு," என்றார் ஹெச்.எம். கூட்டத்தைப் பார்த்தார். பேக்கரிக்காரர் கையைக் கட்டிக்கொண்டார். சித்தப்பா நாற்காலியில் தட்டத் தயாராகக் கையைத் தூக்கினார். லாரிக்காரர் தொண்டையைக் கனைத்தார். ஹெச்.எம். ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

"இந்த ஒரு வாரத்துல யாரும் என்கிட்டக் கணக்கைப் பத்திக் கேக்கலை. விளையாட்டு மேல பெத்தவங்களுக்கு இவ்வளவு அக்கறைன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. அதனால... இருக்கிற பீரியட் அப்படியே இருக்கும். இன்னும் ஒண்ணும் சேர்த்துத் தர்றோம். தயவுசெஞ்சு எல்லாரும் அமைதியா வீட்டுக்குப் போங்க."

மண்டபம் கூரை பறக்கக் கத்தியது. கணக்கு வாத்தியார் பைக்குள்ளிருந்த நாடாவை இன்னும் உள்ளே தள்ளினார்.

வாத்தியாருக்குச் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. ஆட்டம் பிழைத்தது, ஆனால் பேராசையால் பிழைத்தது என்று நினைத்தார். அதற்கு விலை கொடுத்தது ஒரு பாவமும் அறியாத பெண். கூட்டம் கலைந்தது. கேப்டன் தனியாக நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை காலெடுத்தார், இரண்டு தடவையும் தைரியம் வராமல் தூணோரம் நின்றார்.

லாரிக்காரர் தயங்கித் தயங்கி அவர் பக்கத்தில் வந்தார். சற்றுமுன் வராந்தாவை அதிரவைத்த மனிதரா இவர் என்று இருந்தது. வாலிபால் கோப்பை அவர் கையிலிருந்தது.

"இன்னும் என்னங்க வேணும் உங்களுக்கு?" என்றார் வாத்தியார், நொந்துபோய்.

லாரிக்காரர் கோப்பையை அவர் கையில் திணித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"சத்தம் போதுமா இருந்துச்சா சார்? யாரு யாரு என்னிக்கு வந்து மேடம் காதுல விழற மாதிரி சண்டை போடணும்னு கேப்டன் பொண்ணு வீடு வீடா வந்து பிரிச்சுக் குடுத்துச்சு. எனக்குக் கடைசி நாள்."