பதினோராம் அத்தியாயத்துப் புருஷன்

அந்தப் புருஷன் தான்தானோ என்று சிவப்பிரகாஷுக்கு ஆறாம் அத்தியாயத்திலேயே லேசாக உறுத்தியது. பதினோராம் அத்தியாயத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று.

வாரா வாரம் படித்துக் காட்டியவர் பாலக்காட்டுச் சித்தூரில் பைப் கடை வைத்திருக்கும் தாவூத். சொட்டு நீர்க் குழாய்க்கு மூடி வாங்கப் போன சிவப்பிரகாஷ், மூடியைக் கையில் உருட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான்.

"கேளு பிரகாஷு" என்று தாவூத் போனை மூக்குக்குக் கிட்டே பிடித்துக்கொண்டார். "'கோகிலா பேசுவாள். அவன் ம் என்பான். மழை வருது என்றாலும் ம். மாடு கன்று போட்டிருக்குது என்றாலும் ம். நான் செத்துவிட்டேன் என்றாலும் ம் என்றுதான் சொல்வான்.' எப்பிடி? இவனெல்லாம் ஒரு மனுசனா?"

"ம்" என்றான் சிவப்பிரகாஷ்.

'மடைவாய்' என்று பெயர் போட்ட தொடர்கதை அது. எழுதுகிற ஆள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. 'கீழ்க்காற்று' என்று மட்டும் போட்டிருக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் போனில் ஓர் அத்தியாயம் வந்து விழும். சித்தூரிலிருந்து கொல்லங்கோடு வரைக்கும் பெண்கள் அதைப் படித்து அழுதார்கள், அழுத கையோடு அவரவர் புருஷனை முறைத்தார்கள்.

"எங்க ஊட்டுக்காரி பாத்து நேத்து அழுதுட்டே ஒலையப் பாக்காம விட்டுட்டா. எவனோ பண்ணுன பாவத்துக்கு நான் அடிப்புடிச்ச சோறு திங்கறேன்" என்றார் தாவூத்.

பதினோராம் அத்தியாயத்தில் கோகிலாவின் பிறந்த வீட்டில் ஒரு முக்கியமான நாள். புருஷன் வரவில்லை. வாய்க்காலில் முறைத் தண்ணி. சிவப்பிரகாஷின் தென்னந்தோப்பு இருக்கிற பெருமாட்டிப் பக்கத்திலும் அணைத் தண்ணீர் முறை வைத்துத்தான் தோப்புக்கு வரும். அவரவர் நேரத்தில் மடையைத் திறந்து பாய்ச்சிக்கொள்ள வேண்டும், விட்டால் அடுத்த முறை வரை வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். கோகிலா வாசலில் நின்று சாலையையே பார்க்கிறாள். அவன் தண்ணீரெல்லாம் பாய்ச்சி முடித்து, காலில் சேற்றோடு வந்து சேர்கிறான். அதற்குள் பந்தலைப் பிரித்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

போன தை மாதம் சிவப்பிரகாஷின் மச்சினன் கோகுல்நாத் கொல்லங்கோட்டில் வீடு கட்டிப் பால் காய்ச்சினான். அன்றைக்கு இவனுக்கு முறைத் தண்ணி. இவனும் சேற்றுக் காலோடுதான் போனான், பந்தல்காரர்கள் மூங்கிலை ஏற்றிக்கொண்டிருந்தபோது. அனுப்பிரியா ஒரு வார்த்தை பேசாமல் ஆறிப்போன பாயசத்தை டம்ளரில் கொண்டுவந்து நீட்டினாள். பேசாததால் கோபம் இல்லை என்று அவன் பாட்டுக்குக் குடித்துவிட்டு வந்தான். எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்!

"வார வெள்ளிக்கெழம கடைசி அத்தியாயம்" என்று தாவூத் போனை மேஜை மேல் வைத்தார். "கோகிலா பொட்டியக் கட்டீட்டுப் போயிருவாங்கறா பாத்து. போகட்டும், அதுதான் சரி."

வீட்டுக்கு வந்தால் கட்டில் மேல் பெட்டி திறந்து கிடக்கிறது. அனுப்பிரியா சேலைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன அனு, பொட்டியெல்லாம்?"

"வெள்ளிக்கெழம அம்மா ஊட்டுக்குப் போறேன்னு திங்கக்கெழமயே சொன்னனுங்களே. ம்-ன்னீங்க."

எதற்குப் போகிறாள் என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்டால் அதையும் சொன்னேனே என்பாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டால் அதையும் சொல்லியிருப்பாள். பத்து வருஷத்து 'ம்' எல்லாம் சேர்ந்து அவன் வாயை அடைத்துக்கொண்டு நின்றது.

இந்த 'ம்' அவன் சொந்தச் சம்பாத்தியமும் இல்லை, பிதுரார்ஜிதம். அப்பா அர்த்தநாரி தோப்புக்குள் இருக்கிற சாளைக் குடிசையில் தனியாகக் குடியிருக்கிறார். அம்மா சரஸ்வதியம்மாள் ஊருக்குள் இருக்கிற வீட்டில். சண்டை என்று ஒன்று நடந்ததாக யாருக்கும் நினைவில்லை. கேட்டால் அப்பா, "இங்க காத்தோட்டமா இருக்குது" என்பார். இருவரும் நேருக்கு நேர் பேசி வருஷக்கணக்காகிறது. நடுவில் தபால்காரன் சிவப்பிரகாஷ். "உங்கப்பங்கிட்டச் சொல்லு, பிரஷர் மாத்திரை தீந்திருக்கும்" என்று அம்மா தூக்குப்போசியில் சோற்றைப் போட்டுக் கொடுப்பாள். அவன் கொண்டுபோய்ச் சொல்வான். அப்பா "ம்" என்பார்.

தோப்பில் இன்னொரு சாளை கட்ட இடம் தாராளமாக இருக்கிறது என்ற எண்ணம் அன்று ராத்திரி அவனைத் தூங்க விடவில்லை. அனுப்பிரியா இல்லாத வீடு எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். பார்க்கவே முடியவில்லை. அவள் என்றால் அவனுக்கு உயிர். அதை அவளைத் தவிர வேறு யார் கேட்டாலும் சொல்லியிருப்பான்.

வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் புருஷனைத் திருத்திவிடுவது என்று முடிவு செய்தான்.

மூன்றாம் அத்தியாயத்தில் கோகிலா சமையலை அவன் ஒரு நாள்கூட நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை என்று வருத்தப்பட்டிருந்தாள். ஆகவே மறுநாள் காலை தட்டில் முதல் பிடியை வாயில் போட்டதும் உரக்கச் சொன்னான்.

"பருப்புச் சாறு பிரமாதம் போ! இப்பிடி ஒரு சாறு நா குடிச்சதேயில்லை!"

கரண்டி பாத்திரத்தில் விழுந்தது. அனுப்பிரியா அவனைப் பார்த்தாள்.

"அது அத்தை வெச்சதுங்க."

உள்ளேயிருந்து சரஸ்வதியம்மாளின் குரல் வந்தது. "இன்னங் கொஞ்சம் ஊத்திக்கச் சொல்லு, அம்மிணி."

"பத்து வருசத்துல ஒரு நாள் வாயத் தொறந்தீங்க" என்றாள் அனுப்பிரியா. "அதுவும் உங்கம்மா வெச்சதுக்கு." பெட்டியில் அன்று இன்னும் இரண்டு சேலைகள் கூடின.

அடுத்தது பூ. ஐந்தாம் அத்தியாயத்தில் கோகிலா ஒரு முழம் மல்லிகைக்கு ஏங்கியிருந்தாள். சிவப்பிரகாஷ் ஒரு முழத்தோடு நிற்பானா, ஒரு பந்தையே வாங்கி வந்து அவள் தலையில் தானே வைத்தான். வைத்து முடிப்பதற்குள் அவள் தும்ம ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. கண் சிவந்து, மூக்கு வீங்கி, துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"எனக்கு மல்லி ஆகாதுன்னு தெரியாதுங்களா? கல்யாணத்தன்னிக்கு மேடையிலயே தும்முனனே!"

"அது... ஓம குண்டத்துப் பொகைன்னு நெனச்சேன்."

"யாருக்கு மல்லி புடிக்கும்னு வாங்குனீங்க?"

கோகிலாவுக்கு என்று உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றே பஸ் ஏறியிருப்பாள். நல்ல வேளை, "ம்" என்று வந்தது. அதுவும் நல்ல வேளை இல்லை என்று அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. பூவைச் சரஸ்வதியம்மாள் எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டாள்.

மிச்சம் இருந்தது பேச்சு. 'ம்' சொல்வதில்லை, வாய் நிறையப் பேசுவது என்று வியாழக்கிழமை அவள் வேலை செய்கிற கூட்டுறவுச் சங்க பாங்க்குக்குப் புறப்படும்போது கூடவே போய்ப் பஸ் ஸ்டாப்பில் நின்றான். அவனுக்குத் தெரிந்தது தென்னை ஒன்றுதான். வெள்ளை ஈ எப்படி மட்டைக்கடியில் முட்டையிடுகிறது, இட்டபின் என்ன செய்கிறது என்று பஸ் வரும்வரை விடாமல் சொன்னான். அனுப்பிரியா அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

"இல்லையே."

"டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா? எங்கிட்ட மறைக்காதீங்க."

சாயங்காலம் கோகுல்நாத் போன் செய்தான். "மாமா, கோயமுத்தூர்ல எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காருங்க. எதுவா இருந்தாலும் தைரியமா இருங்க" என்று குரல் தழுதழுக்கச் சொன்னான். அன்று அனுப்பிரியா வேலையிலிருந்து வந்தபோது கண்ணெல்லாம் அழுது சிவந்திருந்தது. அவனுக்குச் சோற்றில் நெய்யை ஊற்றினாள், ஊற்றிக்கொண்டேயிருந்தாள். போகிறவள் கடைசியாக ஒரு வாய் நன்றாகப் போட்டுவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறாள் போல என்று எண்ணி, சிவப்பிரகாஷ் நெய்ச்சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தான்.

விடிந்தால் வெள்ளிக்கிழமை. அன்றைக்குப் பார்த்து மத்தியானம் அவனுக்கு முறைத் தண்ணி.

பாலக்காட்டின் கிழக்குப் பக்கத்து விவசாயி பெண்டாட்டியை விட்டாலும் விடுவான், முறைத் தண்ணியை விடமாட்டான் என்று மேற்கே இருப்பவர்கள் கேலி செய்வார்கள். கேலி இல்லை, உண்மைதான். இருந்தும் சிவப்பிரகாஷ் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு சாளைக்குப் போனான்.

அர்த்தநாரி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒற்றை விரலால் போனைக் குத்திக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் எப்போது பார்த்தாலும் இதுதான். கோயில் கமிட்டி குரூப்பில் யாருடனோ தகராறு என்று சிவப்பிரகாஷ் நினைத்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, இன்னிக்கு மடைய நீங்க பாத்துக்கங்க. எனக்கு ஊட்டுல ஒரு சோலி."

அர்த்தநாரி தலையை நிமிர்த்தினார். "எனக்கும் இன்னிக்கு ஆகாதுடா. ஒரு சோலி இருக்குது."

சிவப்பிரகாஷ் திகைத்துப் போனான். காய்ச்சல் கண்டபோதுகூடப் போர்வையைப் போர்த்திக்கொண்டு மடையில் நின்ற மனுஷன் இவர்.

"ஏன்டா" என்றார் அர்த்தநாரி மெதுவாக. "இந்தப் போன்ல ஒன்ன அனுப்பிப்போட்டா, திருப்பி அழிக்க முடியுமா?"

"முடியும்ப்பா. எதையாச்சும் தப்பா அனுப்பிட்டீங்களா?"

அவர் போனை ஒரு தடவை பார்த்தார். "இருக்கட்டும் உடு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்.

மத்தியானம் தண்ணீர் வந்தது. சிவப்பிரகாஷ் அது கேட்பாரில்லாமல் அடுத்தவன் தோப்புக்கு ஓடுகிற சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே வீட்டைப் பார்த்து நடந்தான். ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். நடையை நிறுத்தவில்லை.

அனுப்பிரியா பெட்டியோடு முன் அறையில் நின்றாள்.

"மொறத் தண்ணி இன்னிக்குத்தானுங்களே? இங்க என்ன பண்றீங்க?"

"தண்ணி கெடக்குது. நீ போகாத அனு." இத்தனை நாள் அடைத்திருந்தது மடை உடைந்த மாதிரி கொட்டியது. "கோகுல் ஊட்டு விசேசத்துக்கு நா நேரத்துக்கு வந்திருக்கோணும். தப்புத்தான். உனக்கு மல்லி ஆகாதுங்கறதுகூடத் தெரியாத முண்டம் நான். நீ எழுதுனது அத்தனையும் நெசம். ஆனா அந்தக் கடைசி அத்தியாயத்த மட்டும் எழுதாத சாமி. உன்னைய விட்டுட்டு என்னால இருக்க முடியாது."

அனுப்பிரியா வாயைத் திறந்தபடி நின்றாள்.

"நா எழுதுனதா? ஏனுங்க, 'மடைவாய்' நீங்க எழுதறதில்லீங்களா?"

"நானா!"

"நேத்து உங்களுக்கு என்னமோ ஏதோன்னு பயந்து தாவூத் பாய் கடைக்குப் போனேனுங்க. பாத்து அக்காதான் படிக்கச் சொன்னாங்க. ஒக்காந்து பதினோரு அத்தியாயமும் படிச்சேன். பூவு, சாப்பாடு, பந்தல் பிரிச்சது, அத்தனையும் நம்முளுது. ம்-னு மட்டும் சொல்ற மனுசன் உள்ளுக்குள்ள இத்தனையும் நெனச்சு மருகறாரேன்னு அழுகையா வந்துது. எழுதி எழுதி மன்னிப்புக் கேக்கறாரே, டாக்டர் நாள் கீள் குறிச்சிட்டாரோன்னு..." அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். "இருந்த கோவமெல்லாம் நேத்தே போயிருச்சுங்க."

ஆமாம், நான்தான் எழுதினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சிவப்பிரகாஷுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அவள் கண்ணைப் பார்த்தான், மனசு வரவில்லை.

"நா எழுதலை அனு. எனக்கு அப்பிடியெல்லாம் எழுத வராது. இனிமே வேணா வாயால சொல்லிப் பழகிக்கறேன்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "அது போதுமுங்க. அம்மாவுக்குக் கண் ஆபரேசனுங்க, பத்து நாள்ல வந்துருவேன். இதையும் திங்கக்கெழமயே சொன்னேன்."

"கண் ஆபரேசனா? நானும் கூட வாறேன். இப்பவே." சொல்லிவிட்டு நின்றான். "ஆமா, பின்ன எழுதறது யாரு?"

அப்போது அவள் கையிலிருந்த போன் சிணுங்கியது. கடைசி அத்தியாயம். இருவரும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு படித்தார்கள். மிகச் சின்ன அத்தியாயம்.

'இன்றைக்கும் முறைத் தண்ணி. அவன் மடையைத் திறக்கவில்லை. துவைத்த வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு கோகிலாவின் வாசலுக்குப் போய் நிற்கப் போகிறான். அவளுடைய அப்பா இறந்த அன்றைக்கே போய் நின்றிருக்க வேண்டும். அன்றைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் போனான். போனபோது பந்தலைப் பிரித்துவிட்டார்கள். இத்தனை வருஷம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. உள்ளே வரச் சொல்வாளா என்று தெரியாது. சொன்னால் இந்தக் கதை முடிந்தது.'

சிவப்பிரகாஷ் நிமிர்ந்தான். சமையலறை வாசற்படியில் சரஸ்வதியம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கையில் தன் போனோடு நின்றிருந்தாள். வெள்ளிக்கிழமையானால் அவள் போனில் ராசிபலன் பார்க்கிறாள் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். ஜன்னல் வழியாக வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, எப்போதும் சொல்கிற அதே குரலில் மகனிடம் சொன்னாள்.

"உங்கப்பாருகிட்டச் சொல்லு கண்ணு, வெயில்ல நின்னது போதுமாம், கோகிலா உள்ள வரச் சொல்லிட்டாளாம்."