கடைசியில் சொன்ன வணக்கம்

பெற்ற பிள்ளையைப் பற்றி வீட்டுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் பெருமை பேசலாம். மைக் செட் கட்டிப் பேசக்கூடாது. இதை நான் ஒரு பங்குனிப் பொங்கலில் கற்றுக்கொண்டேன். (அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் கற்றது என் பெயரை எழுதுகிற அளவுக்குத்தான்.)

ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்த் தண்ணீரில் விளைகிற ஊர் எங்களுடையது. நெல்லும் விளையும், வீம்பும் விளையும். மதுரைக்குப் படிக்கப் போன என் மகன் செல்வம், கிடாரும் தோளுமாகத் திரும்பி வந்தான். அவனும் மூன்று கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு பேண்டு வைத்திருந்தார்கள். (கல்யாண ஊர்வலத்தில் வாசிக்கிற பேண்டு இல்லை. நான் முதலில் அப்படி நினைத்துத்தான் சந்தோஷப்பட்டேன்.) சினிமாப் பாட்டைத் தொட மாட்டார்களாம். தாங்களே இங்கிலீஷில் பாட்டுக் கட்டி, தாங்களே கேசட்டில் பதிந்து, தங்களைப் போலவே முடி வளர்த்த பத்துப் பேருக்குக் கொடுப்பார்களாம்.

“எல்லாம் எங்க சொந்தப் பாட்டும்மா” என்றான்.

அந்தச் ‘சொந்த’த்தில் விழுந்தேன். ஆர்க்கெஸ்ட்ராக்காரன் அடுத்தவன் நிலத்தை வாரத்துக்கு உழுகிறவன், என் மகன் சொந்த நிலத்துக்காரன் என்று எனக்குப் பட்டது.

என் வீட்டுக்காரருக்கு அப்படிப் படவில்லை. எங்கள் உரக்கடையில் உட்கார அவருக்கு ஆள் வேண்டும். இவனோ மெட்ராசுக்குப் போய் வாசிக்கப் போகிறேன் என்று நின்றான். நான் மகன் பக்கம். வீட்டில் சோறு பொங்கியதோ இல்லையோ, சண்டை தினமும் பொங்கியது. கடைசியில் அவர் ஒரு முடிவு சொன்னார்.

“பொங்கலுக்கு நம்ம ஊர்லயே வாசிக்கட்டும். ஒரு பாட்டுக்கு சனம் கைதட்டுச்சுன்னா மெட்ராசுக்குப் போகட்டும். இல்லைன்னா உரக்கடை. அப்புறம் ஆத்தாளும் மகனும் வாயத் தெறக்கப்படாது.”

வருசா வருசம் வருகிற ஆர்க்கெஸ்ட்ராவை வேண்டாம் என்று ஊர்த் தலைவர் அம்பலத்திடம் போய்ச் சொன்னவள் நான்தான். என் கொழுந்தன் மனைவி பாக்கியம் கேட்டாள்:

“ஏக்கா, பய நெசமாவே நல்லாப் பாடுவானா?”

“கேட்டுட்டுச் சொல்லுடி. மத்தவன்லாம் இவன்கிட்டத் தண்ணி தூக்கணும்.”

(இவ்வளவுக்கும் நான் அவன் பாட்டில் ஒன்றைக்கூட முழுசாகக் கேட்டதில்லை.)

எங்கள் ஊரில் எந்தக் கச்சேரியும் பிள்ளையார் பாட்டோடுதான் ஆரம்பிக்கும். அந்தப் பாட்டு முடிந்ததும் அம்பலம் மேடையேறித் துண்டு போர்த்துவார். அதற்கு முன்னால் மேடையில் என்ன சத்தம் கேட்டாலும் அது மைக் செக்கிங்தான். இதை மகனிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. மூச்சு விடச் சொல்லி யாராவது ஞாபகப்படுத்துவார்களா?

பொழுது சாய்கிற நேரம். பட்டுச் சேலை சரசரக்க முன்வரிசையில் உட்கார்ந்தேன். செல்வம் முடியை முகத்தில் விட்டுக்கொண்டு, தன் கால் பெருவிரலைப் பார்த்தபடி மைக் முன்னால் நின்றான். வணக்கமும் இல்லை, பிள்ளையாரும் இல்லை. சலங்கை கட்டிய ஆட்டுக் கிடை மொத்தமும் கண்மாய்க் கரையில் இறங்குவது போல இரண்டு கிடாரும் கிணுகிணு என்று கிளம்பின. அதற்குள் எங்கோ செல்வத்தின் குரல் முனகியது. சத்தியமாக, எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

பாட்டு முடிந்தது. ஊர் கடலை தின்றுகொண்டிருந்தது.

“சத்தம் கணீர்னு வருது தம்பி! ஆரம்பிக்கலாம்!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

பையன்கள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போனார்கள். சனம் பிள்ளைகளை ஒன்றுக்குக் கூட்டிப் போயிற்று, பெண் கேட்டது, நெல் விலை பேசியது. ஒருவர்கூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பதிலுக்குத் திட்டி மனம் ஆறியிருப்பேன். அத்தனை பேரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அதை என்ன செய்வது?

அடுத்த பாட்டு முடிந்ததும் என் கை தானாகத் தட்டிவிட்டது. ஊரிலேயே ஒற்றைக் கைதட்டல்.

பாக்கியம் திரும்பினாள். “என்னக்கா, கொசுவா?”

“இதுதான்டி பாட்டு” என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் மகனுடைய மெட்ராஸ் கைவிட்டுப் போகும்.

“ஆமாடி, கொசு” என்றேன்.

மேடையில் மீதிப் பாட்டெல்லாம் அப்படியே முடிந்தது. செல்வம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு முதல் முறையாக நிமிர்ந்து சனத்தைப் பார்த்தான். “நன்றி, வணக்கம்” என்றான்.

எங்கள் ஊரில் மேடையிலிருந்து வணக்கம் வந்தால் ஆரம்பம் என்று அர்த்தம். ஊரே எழுந்து கைதட்டியது. விசில் பறந்தது. நான் துள்ளிக்கொண்டு வீட்டுக்காரரிடம் ஓடினேன்.

“தட்டிட்டாக பாருங்க! தட்டிட்டாக!”

“பாட்டுக்குத் தட்டலடி. நிறுத்துனதுக்குத் தட்டுறாக” என்றார்.

அதற்குள் அம்பலம் துண்டோடு மேடையேறி மைக்கைப் பிடித்துவிட்டார். “செக்கிங் ரொம்பச் சுத்தமா இருந்துச்சு தம்பி. இப்பப் பிள்ளையார எடுங்க, ஆரம்பிப்போம்.”

கிடாரைப் பாதி உறைக்குள் நுழைத்திருந்த செல்வம் என்னைப் பார்த்தான். நான் சேலைத் தலைப்பைப் பார்த்தேன். நாலு பேருக்கும் ஒரு பிள்ளையார் பாட்டும் தெரியாது. கடைசியில் மைக் செட்காரர் சாமி பாட்டுக் கேசட்டைப் போட்டார். கேசட்டுக்கும் கைதட்டினார்கள்.

மறுவாரம் செல்வம் உரக்கடையில் உட்கார்ந்தான். கூட்டாளிகள் மெட்ராஸ் போனார்கள், அப்புறம் கடுதாசி இல்லை. செல்வத்தின் கல்யாணத்தில் அவன் தாலியைக் கையில் எடுத்தபோது, “அம்பலம், இது நெசமா, செக்கிங்கா?” என்று பாக்கியம் கத்த, பந்தலே சிரித்தது. எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அதே கேள்விதான். அவனும் கூடச் சிரிப்பான்.

மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் கிடாரை எடுப்பான். ஒருநாள் சோறு கொண்டு போனேன். யூரியா வாங்க வந்த இரண்டு பேர் கடைக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

“ஏன்யா இங்கன நிக்கிறீக? உள்ள போங்க” என்றேன்.

“இருக்கட்டும் ஆத்தா. தம்பி இன்னும் ஆரம்பிக்கலை.”