மூலை இல்லாத சி.டி.க்கு மஞ்சள் வைத்தது பற்றிச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

பொம்மனஹள்ளி,
பெங்களூர்.
15-5-2003

மதிப்பிற்குரிய சம்பந்தி            சிவசங்கரன் அவர்களுக்கு, ஜெயராமன் பணிவுடன் எழுதிக்கொண்டது.

சம்பந்தி என்ற சொல்லை எழுதும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. இல்லையென்றால் அதை அடித்துவிட்டு ‘ஐயா’ என்று போட்டுக்கொள்ளவும். அதற்காகவே பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். இங்கே நான், மனைவி சாந்தகுமாரி, மகள் தாரணி மூவரும் உடம்பளவில் நலம். தாங்களும் தங்கள் துணைவியாரும் மாப்பிள்ளை சீனுவும் நலமாக இருக்க வேண்டும். ஞாயிறன்று காலை தாங்கள் எங்கள் வீட்டில் இருந்த நேரத்தில், குடியாத்தத்தில் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இடி இறங்கி, ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்துக்காகத் தாங்கள் இரண்டு வருடமாக ஏற்றி வைத்திருந்த எண்ணூற்று நாற்பது பேரின் பெயரும் விலாசமும் அழிந்துபோனதாகத் தரகர் சொன்னார். மிகவும் வருந்தினேன். அன்று உங்கள் பக்கம் முழுக்க வெயில் கொளுத்தியதாகப் பேப்பரில் இருந்தது. வெறும் வானத்திலிருந்து இறங்கும் இடியை யார் என்ன கேட்க முடியும்? மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதுவே பெரிது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இருபத்துமூன்று பேர் வேன் வைத்துக்கொண்டு வந்து, ஐயர் லக்னப் பத்திரிகை வாசிக்க ஆரம்பித்து, தட்டு மாற்ற இன்னும் பத்தே நிமிடம் இருக்கும்போது, மணப்பெண் பட்டுப்புடவையோடும் தலை நிறையப் பூவோடும் ஆபீஸ் தோழியின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிப் போய்விட்டாள் என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. தெருவே பார்த்தது. பெண் எங்கே என்று தங்கள் துணைவியார் கேட்டபோது, சாந்தகுமாரி “கோயிலுக்குப் போயிருக்கா” என்றதும், அதே நொடியில் என் மைத்துனன் ராஜேந்திரன் “வயித்து வலிங்க, டாக்டர்கிட்ட” என்றதும் உண்மை. “ஏம்பா, வயித்து வலியோட எந்தக் கோயிலுக்குப் போனா?” என்று தங்கள் துணைவியார் கேட்டதற்கு எங்கள் பக்கத்தில் யாரிடமும் பதில் இல்லை. பெண்ணைப் பெற்ற நானும் பதில் தேடிவருகிறேன் என்று ஆட்டோவில் ஏறியவன் ஏறியவன்தான். கடைசியில் தாங்கள் “யோசிச்சுச் சொல்றோம்” என்று எழுந்துவிட்டீர்கள். தங்கள் தட்டுகள் வந்தபடியே வேனில் திரும்பிப் போயின. இன்றோடு நாலு நாள் ஆகிறது.

குற்றம் தாரணியுடையது அல்ல, என்னுடையது. இதை நிரூபிக்க அவள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். “பொண்ணு கம்ப்யூட்டர்ல வேலை” என்று தரகர் சொன்னதும் நீங்களும் நானும் புரிந்ததுபோலத் தலையாட்டினோமே, அந்த வேலை. கம்ப்யூட்டர் பிறக்கும்போது அதற்கு ஒன்றுமே தெரியாதாம். திரையில் ஓர் எழுத்தைக் காட்டக்கூடத் தெரியாது. ஒரு சி.டி.யைப் போட்ட பிறகுதான் புத்தி வருகிறது. அந்தப் புத்தி முழுவதையும் ஒரே உருண்டையாகக் கட்டி வைத்தால் அதற்கு இமேஜ் என்று பெயர். இமேஜ் கட்டுவது என் மகளுக்கு உத்தியோகம். அதற்குள்ளே ஆயிரத்துச் சொச்சம் பொட்டலங்கள். அச்சடிக்க ஒரு பொட்டலம், பாட்டுக் கேட்க ஒன்று, தமிழ் எழுத்துக்கு ஒன்று, கன்னடத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் எழுதியவர் ஒவ்வொரு தேசத்தில் இருக்கிறார். பின்லாந்தில் ஒருவர், பிரேசிலில் ஒருவர், கோயம்புத்தூரில் ஒருவர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. பாதிப் பேருக்குச் சம்பளமும் கிடையாது. அவர்களில் ஒருவர் மனசு கேட்காமல் தன் பொட்டலத்தில் ஒரு கமாவைத் திருத்திவிட்டால், மறுநாள் காலை பொம்மனஹள்ளியில் என் மகள் முழு இமேஜையும் முதலிலிருந்து மறுபடி கட்டுகிறாள். “அந்தக் கமாவை மட்டும் மாத்தக் கூடாதாம்மா?” என்று ஒருநாள் கேட்டேன். “சாம்பார்ல உப்பு கம்மின்னா மேலாகத் தூவிட்டுப் பந்தியில வைப்பீங்களாப்பா?” என்றாள். வைப்பேன் என்று நான் சொல்லவில்லை.

கட்டி முடித்ததும் அந்த இமேஜுக்கு ஓர் எண் பிறக்கிறது. முப்பத்திரண்டு இடம், எழுத்தும் இலக்கமும் கலந்து. உள்ளே அறுபது கோடிக்கு மேல் எழுத்து இருக்கிறதாம். அதில் எங்காவது ஒன்றே ஒன்று பிசகினாலும் எண் மாறிவிடும். கொஞ்சமாக மாறாது, ஜாதகமே வேறாகிவிடும். நான் பேரிங் பேக்டரியில் முப்பத்தொரு வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன். மயிரிழையில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தாலும் கேஜ் வைத்துப் பிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. தாரணி அந்த எண்ணைக் காட்டி விளக்கிய அன்று அந்தக் கர்வமும் ரிடையர் ஆயிற்று.

இந்த முறை கட்டிய இமேஜ் ஆயிரத்து இருநூறு பள்ளிக்கூடங்களுக்கு. ஒரு தர்ம ஸ்தாபனம் இலவசமாகக் கொடுக்கிறது. ஜூனில் பள்ளி திறக்குமுன் போய்ச் சேர்ந்தாக வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் தாரணி, அத்தனை நகலுக்கும் தாயான மாஸ்டர் சி.டி.யை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சி.டி. அச்சடிக்கும் பேக்டரி எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு. கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவளை அவள் அம்மா பிடித்து உட்காரவைத்து இரண்டு கையிலும் மருதாணி வைத்துவிட்டாள். “அப்பா, நீங்க குடுத்துட்டு வந்துடுங்க. ஓரத்தைப் பிடிங்க, நடுவுல தொடாதீங்க” என்றாள். அந்தச் சமயத்தில் நான் கூடத்தில் உட்கார்ந்து லக்னப் பத்திரிகைத் தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தேன். கிண்ணத்தில் மஞ்சள் மீந்திருந்தது. தங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும், ஒரு புதுச் சட்டையானாலும் மூலையில் மஞ்சள் படாமல் நாம் போட்டுக்கொள்வதில்லை. ஆயிரத்து இருநூறு பள்ளிக்கூடத்துக்குப் புத்தி கொடுக்கப் போகிற வஸ்து வெறுமனே வாசல் தாண்டலாமா? சி.டி.க்கு மூலை இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். வெகுநேரம் யோசித்து, கடிகாரத்தில் பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது இருக்கும் இடங்களில் வைத்தேன். ஒரு பக்கத்தில் தாரணி மையால் ஏதோ எழுதியிருந்தாள். அது அழிந்துவிடக் கூடாது என்று, ஒன்றும் எழுதாமல் பளபளவென்று காலியாக இருந்த மறுபக்கத்தில் வைத்தேன். இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவனுக்கு இந்த ஜாக்கிரதை தானாக வரும். பேக்டரியில் மஞ்சுநாத் என்ற சூப்பர்வைசர் உறையோடு வாங்கி மேஜைக்குள் வைத்துக்கொண்டு, காலை பத்து மணிக்கு மிஷின் ஓடும் என்றார்.

ஞாயிறு காலை ஒன்பது நாற்பதுக்கு எங்கள் வீட்டுப் போன் அடித்தது. தாரணி எடுத்தாள். “எல்லாமேவா? ஒண்ணுகூட இல்லியா?” என்றாள். முகம் வெளுத்துவிட்டது. வைத்துவிட்டு உடனே இன்னொரு நம்பரைச் சுழற்றி, “மிஷினை நிறுத்துங்க” என்றாள். ஆபீஸில் இவளோடு சேர்ந்து இமேஜ் கட்டுகிற மௌரீன் என்ற பெண் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து காலை ஆராதனை முடித்து நேரே நிச்சயத்துக்கு வந்திருந்தாள். தங்களுக்குப் பாயசம் பரிமாறியது அவள்தான். “ஏய், பூவெல்லாம் விழுந்துடும்டி” என்றாள் மௌரீன். “விழட்டும், வா.” என்னைப் பார்த்து, “அப்பா, பத்து நிமிஷம்” என்றாள் தாரணி. அவ்வளவுதான். மிஷினை நிறுத்து என்ற சொல் காதில் விழுந்ததும், எல்லோருக்கும் வயிற்றில் புளி கரைக்கும், எனக்கு மஞ்சள் கரைந்தது.

பேக்டரிக்கு ஓடினேன். மஞ்சுநாத் நம் சி.டி.யை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏனு ஸார் இது? சி.டி.யா, கல்யாணப் பத்திரிகையா? சந்தனம் பன்னீர் எல்லாம் எங்கே?” என்றார். மிஷின் என்றேன். “நிறுத்தியாச்சு. மேடம் வேற கொண்டுவராங்களாம். ரெண்டு மணிக்குள்ள வரணும் ஸார். இல்லேன்னா பக்திப் பாட்டு ஆர்டரை ஏத்திடுவேன், அப்புறம் உங்களுக்கு அடுத்த மாசம்தான்.” மேற்கொண்டு விசாரிக்க எனக்கு முகம் இல்லை. ஆபீஸுக்கு ஓடினேன். தாரணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, மருதாணி விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். “அம்மா, அந்த மஞ்சள் நான்தான்...” என்று ஆரம்பித்தேன். “அப்பா, அப்புறம்” என்றாள், திரும்பவில்லை. மௌரீன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க அங்கிள். இப்ப சாமியே வந்தாலும் க்யூவுலதான் நிக்கணும்” என்றாள்.

அவள் சொல்லித்தான் முழு ஆபத்தும் தெரிந்தது. பழைய சமாசாரம் ஏதாவது உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரில் இந்த சி.டி.யைப் போட்டால், ‘உள்ளே இருப்பதை அழிக்கலாமா?’ என்று முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை எங்கோ ஒரு பொட்டலம் மாறியதில் அந்தக் கேள்வி தவறிப்போய்விட்டது. கேட்காமலே துடைத்துவிடுகிறது. வெள்ளோட்டம் பார்க்கக் கொடுத்திருந்த சி.டி.யை வெளியூரில் ஒரு நல்லவர் அன்று காலை போட்டுப் பார்த்து, எல்லாம் போய்விட்டதாகத் தகவல் சொல்லியிருக்கிறார். ஆயிரத்து இருநூறு பள்ளிக்கூடத்தின் மார்க் பட்டியல், வருகைப் பதிவு எல்லாம் ஒரே காலையில் வெள்ளைத்தாள் ஆகியிருக்கும். யாரம்மா அந்தப் புண்ணியவான் என்றேன். மௌரீன் கூரையைப் பார்த்தாள். யாராக இருந்தாலும் அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

திருத்தியது ஒரே ஒரு வரி, ஐயா. அதற்காக ஆயிரம் பொட்டலத்தையும் மறுபடி கட்டினார்கள். கறுப்புத் திரையில் வரி வரியாக ஓடியது. பார்த்திராத மனிதர்கள் எழுதியதெல்லாம் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தது. நான் என்னையறியாமல் எழுந்து நின்றிருந்தேன். செருப்பை எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை. கடைசியில் எண் வந்தது. இமேஜின் எண்ணை மௌரீன் ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படிக்க, சி.டி.யிலிருந்து திரும்ப எடுத்த எண்ணைத் தாரணி சரிபார்த்தாள். காலையில் என் வீட்டில் ஐயர் பாதியில் விட்ட வாசிப்பை இவர்கள் இங்கே முடிப்பதுபோல் இருந்தது. முப்பத்திரண்டும் பொருந்தின. பத்துப் பொருத்தத்தில் ஏழு இருந்தாலே போதும் என்று நாம் பேசி முடித்தோம், ஞாபகம் இருக்கிறதா? பிறகு மூன்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். மூன்றும் நல்ல தமிழில், ‘உள்ளே இருப்பதை அழிக்கலாமா?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தன. என்னிடம் இவ்வளவு மரியாதையாக யாரும் எதையும் கேட்டதில்லை. ஒன்றே முக்காலுக்கு சி.டி. மஞ்சுநாத் கையில் இருந்தது. இந்த முறை நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பொட்டலம் மாறியது என்று மௌரீன் சொன்னது என்னைத் தேற்றத்தான் என்பது எனக்குத் தெரியாதா? ஆகவே, மிஷின் நின்றது என் மஞ்சளால். போன் வந்ததும் என் மஞ்சளால். பெண் மணையை விட்டு எழுந்ததும் அதனால்தான். நீங்கள் கோபித்துக்கொள்ள வேண்டியது என்னை. எவ்வளவு வேண்டுமானாலும் கோபித்துக்கொள்ளுங்கள், நிச்சயத்துக்கு நான் வரக் கூடாது என்றால்கூட சமையற்கட்டில் இருந்துகொள்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தன் நிச்சயத்தைப் பாதியில் விட்டுவிட்டு, முகம் தெரியாத பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் மார்க்கைக் காப்பாற்ற ஓடினாளே, அவ உங்க வீட்டுக்கு வந்தா அடுப்புல பால் பொங்குறப்போ சும்மா நிப்பாளா? நீங்களே சொல்லுங்க. நாலு நாளாக அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் தபால் ஏதாவது வந்திருக்கிறதா என்று வாசல் படியைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறாள். மருதாணி இன்னும் போகவில்லை.

வைகாசியில் இன்னொரு நல்ல நாள் இருப்பதாக ஐயர் சொல்கிறார். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். வேனில் வந்த இருபத்துமூன்று பேரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டதாக எடுத்துக்கொள்ளவும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். இடி மின்னல் நேரத்தில் கம்ப்யூட்டர் பக்கம் போகாமல் இருக்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
ஜெயராமன்

பி.கு.: கவரை ஒட்டுமுன் தாரணி வாங்கிப் படித்தாள். “மஞ்சளால ஒண்ணும் ஆகலப்பா. மஞ்சுநாத் துணியால துடைச்சுப் போட்டுப் பார்த்தாராம், எண் அப்படியே வந்திருக்கு. எனக்கு வந்த போனே வேற” என்றாள். ஆக, மேலே நான் நான்கு பக்கத்துக்கு ஒப்புக்கொண்ட குற்றம் நடக்கவே இல்லை. போன் பண்ணியது யார் என்றேன். இவளும் கூரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். குடியாத்தத்திலிருந்து தங்கள் மகன். நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வரக் கூடாது என்ற தங்கள் வழக்கப்படி வீட்டில் தனியாக இருந்தவர், இவள் கூரியரில் அனுப்பியிருந்த சி.டி.யைத் தங்கள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறார். இடி இறங்கியது அப்போதுதான். கூரியர் எத்தனை மாதமாகப் போய்வருகிறது என்று நான் கேட்கவில்லை. தாங்களும் கேட்க வேண்டாம். சங்கத்தின் பழைய அச்சுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எண்ணூற்று நாற்பது பேரையும் அவர் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கிறாராம். மாடியில் பேங்க் வேலை என்று அவர் தங்களிடம் சொல்லியிருப்பது இதுதான். நேற்றோடு ‘ப’ வரிசை முடிந்ததாகத் தகவல். ‘வ’ முடியும்வரை தாங்கள் இந்தப் பின்குறிப்பைப் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டுமாம். ஒரு திருத்தம் வந்தால் கடிதத்தை முதலிலிருந்து எழுதுவதே தாரணி ஆபீஸ் முறை. எனக்குக் கை வலிக்கிறது, உப்பை மேலாகத் தூவி அனுப்பிவிட்டேன். முதல் வரியில் சம்பந்தி என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அதை அழிப்பதாக இருந்தால், அழிக்குமுன் ஒரு வார்த்தை கேட்கவும்.